எங்கள் வீட்டில் இல்லாத ஜன்னல்

உணவுப் பொருள்களுக்கு விளம்பரம் எழுதுவது பல வருடங்களாக என் பிழைப்பு. பிஸ்கட், சூப், மசாலாப் பொடி, உறைய வைத்த காய்கறி என்று எது வந்தாலும் முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அம்மாவைக் காட்டலாமே." யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. பொருள் தரமானது என்று சொன்னால் பார்ப்பவர் "அப்படியா?" என்பார். அம்மா செய்தது மாதிரியே இருக்கும் என்றால் எதுவும் கேட்க மாட்டார். அந்த நொடியில் அவர் நம் பாக்கெட்டை மறந்துவிட்டுத் தன் அம்மாவை நினைக்கத் தொடங்கியிருப்பார்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் முக்கால்வாசி இவ்வளவுதான். ருசியை யாராலும் திரையில் காட்ட முடியாது. அதனால் கெட்டிக்கார விளம்பரம் ஒரு காலி இடத்தை விட்டுவைக்கும். பார்ப்பவர் தன் சொந்த நினைவை எடுத்து அதில் போட்டுக்கொள்வார். சரக்கு அவருடையது, பெயர் மட்டும் கம்பெனிக்கு. இதை நான் கூட்டங்களில் கற்றதைவிட எங்கள் வீட்டு உருளைக்கிழங்கு வறுவலிடம் கற்றது அதிகம்.

அம்மாவின் வறுவலில் விசேஷமாக ஒன்றும் கிடையாது. உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு, கொஞ்சம் மிளகாய்த் தூள். பலகை வைத்து நறுக்கும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை. பேசிக்கொண்டே கையில் வைத்து நறுக்குவதால் துண்டுகள் ஒன்றுபோல் இருக்காது. சின்னது சீக்கிரம் கறுத்து முறுகிவிடும், பெரியது உள்ளே மெத்தென்று இருக்கும். ஒரே வாயில் இரண்டும் வரும். பெரிய இரும்பு வாணலியில் பரப்பிவிட்டு அம்மா வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். நாங்கள் கரண்டியை எடுத்தால், "கிளறிக்கிட்டே இருந்தா கூழாயிடும், சும்மா விடு" என்று அதட்டல் வரும். கடைசியில் தட்டைக் கரண்டியால் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டதும் அக்கா, நான், தம்பி மூவரும் ஓடுவோம். அந்தக் காந்தலுக்குத்தான் சண்டை. காந்தல் தின்றவர்தான் வாணலியைத் தேய்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. தம்பி தின்றுவிட்டு ஓடிவிடுவான்.

சூடான இரும்பில் மாவுச்சத்துள்ள கிழங்கு அசையாமல் கிடந்தால், அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களையும் உண்டாக்கும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மெய்யார் பெயரால்தான் இந்த வினை அழைக்கப்படுகிறது. ரொட்டியின் மேல்தோல், வறுத்த காபிக்கொட்டை எல்லாம் இதே கதைதான். மற்ற புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கித்தான் மேலே போகும். வாசனை அங்கே காத்திருக்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது. ஒரு வாசனை பழைய நாள் ஒன்றை அப்படியே எதிரே நிறுத்துவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். விளம்பரத்துக்கு இதில்தான் சிக்கல். டிவியில் வாசனை வராது. பார்ப்பவர் மூக்கில் ஏற்கெனவே இருப்பதைக் கிளப்பிவிட மட்டுமே முடியும்.

ஒருமுறை உறைய வைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளுக்கான விளம்பரம் என்னிடம் வந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாணலி, சுரண்டும் சத்தம், மூன்று குழந்தைகள், ஓட்டம், சண்டை என்று எங்கள் வீட்டை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் இரண்டு விஷயம் சேர்த்தார். ஒரு பெரிய ஜன்னல், அதற்கு வெளியே மழை. காரணம் கவித்துவம் எல்லாம் இல்லை. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் ஆவி கேமராவில் தெரியும். முன்னாலிருந்து விளக்கடித்தால் எவ்வளவு ஆவி பறந்தாலும் காணாமல் போய்விடும். ஆவிக்காக வெளிச்சம், வெளிச்சத்துக்காக ஜன்னல், ஜன்னல் சும்மா இருக்கக் கூடாதே என்று மழை.

படப்பிடிப்பில் உணவை அழகுபடுத்த ஒருவர் தனியாக வருவார். அவர் பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டி, இடுக்கியால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். தேறியவை ஒரு தட்டுக்குத்தான் போதுமாக இருந்தன. பளபளப்புக்குத் தூரிகையால் எண்ணெய் தடவினார். தட்டில் இருந்தது ஆறிப்போயிருந்தது, ஆவி பக்கத்தில் மறைத்து வைத்த கருவியிலிருந்து வந்தது. சுரண்டும் சத்தத்தைப் பிறகு ஒலிக்கூடத்தில், காய்ந்த ரொட்டியை வாணலியில் தேய்த்துப் பதிவு செய்தார்கள். காதில் வாங்கியபோது எனக்கே எச்சில் ஊறியது.

விளம்பரம் ஓடி முடிந்து வெகுநாள் கழித்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்திருந்த ஒரு மதியம். அக்கா தன் மகளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "மழை பெய்யும்போது சமையலறை ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்துதான் நாங்க காந்தல் சாப்பிடுவோம்."

உள்ளே இருந்து அம்மா கேட்டார். "எந்த ஜன்னல்?"

"அதாம்மா, அடுப்புக்குப் பின்னாடி பெருசா இருந்துச்சே."

"அங்க அலமாரில்ல இருந்துச்சு! புகை போக வழியில்லாம நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்."

அக்கா விடவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே தெறிக்கும் என்றாள், கம்பி துருப்பிடித்திருக்கும் என்றாள். தம்பி அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். துருப்பிடித்த கம்பி விளம்பரத்தில்கூடக் கிடையாது, அது அக்காவின் சொந்தத் தயாரிப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஜன்னல் எப்படி வந்தது என்று தெரிந்த எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்த பிறகுதான் விவகாரம் முடிந்தது. அலமாரிதான்.

நான் வீட்டிலிருந்து ஒரு சத்தத்தை எடுத்துக் கொடுத்தேன், விளம்பரம் பதிலுக்கு ஒரு ஜன்னலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அக்காவைக் கேலி செய்யலாம் என்றிருந்தேன். ஆனால் மனிதர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2002இல் கேத்ரின் பிரவுன், ரியானன் எல்லிஸ், எலிசபெத் லாஃப்டஸ் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். சிறுவயதில் டிஸ்னி பூங்காவுக்குப் போய் பக்ஸ் பன்னியோடு கை குலுக்கியதைப் பற்றிய ஒரு விளம்பரத்தைச் சிலரிடம் காட்டினார்கள். பக்ஸ் பன்னி போட்டிக் கம்பெனியான வார்னர் பிரதர்ஸின் கார்ட்டூன் முயல், டிஸ்னி பூங்காவில் அதற்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும், விளம்பரத்தைப் பார்க்காதவர்களைவிடப் பார்த்தவர்கள், தாங்களும் அப்படிக் கை குலுக்கியிருக்கக்கூடும் என்று அதிகமாக நம்பினார்கள்.

சாப்பாட்டிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2011இல் பிரியாலி ராஜகோபால், நிக்கோல் மான்ட்கோமரி இருவரும் சந்தையிலேயே இல்லாத ஒரு பாப்கார்னுக்கு விளம்பரம் தயாரித்தார்கள். கண்முன் காட்சி விரியும்படி எழுதிய விளம்பரத்தைப் படித்தவர்களில் பலர், ஒரு வாரம் கழித்து அதைத் தின்று பார்த்ததாகவே நம்பினார்கள். உண்மையிலேயே பாப்கார்ன் தின்றவர்கள் அளவுக்கு உறுதியாக அதைப் பற்றிக் கருத்தும் சொன்னார்கள்.

ஆக, "எனக்கு விளம்பரம் எல்லாம் ஏறாது" என்று சொல்பவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் நினைப்பது, கடைக்குப் போனால் அந்தப் பாக்கெட்டை எடுக்க மாட்டேன் என்பதை. விளம்பரம் வேலை செய்யும் இடம் அதற்கு ரொம்ப முன்னால்.

அம்மாவை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. அமெரிக்காவில் வாஷ்பர்ன் கிராஸ்பி என்ற மாவு கம்பெனிக்குப் பெண்கள் சமையல் சந்தேகம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பதிலில் கையெழுத்துப் போட ஒரு பெண் பெயர் வேண்டும் என்று 1921இல் பெட்டி கிராக்கர் என்ற பெயரைக் கற்பனையாக உருவாக்கினார்கள். பிறகு வானொலியில் அவருக்குக் குரல் வந்தது, 1936இல் முகமும் வரைந்தார்கள். 1945இல் ஃபார்ச்சூன் பத்திரிகை, அமெரிக்கர்களுக்கு நன்கு தெரிந்த பெண்களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்த இடம் இவருக்கு என்று எழுதியது. பிறக்காத ஒருத்தி!

பிரிட்டனில் ஹோவிஸ் ரொட்டிக்கு 1973இல், பின்னாளில் ஹாலிவுட் இயக்குநரான ரிட்லி ஸ்காட் எடுத்த விளம்பரத்தை எங்கள் ஆட்கள் இன்றும் பாடமாகப் பார்ப்பார்கள். ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஊரின் கோல்ட் ஹில் சரிவில் ஒரு பையன் ரொட்டிக் கூடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறான். ஒரு முதியவரின் குரல் அந்தக் காலத்தை நினைத்துப் பேசுகிறது. ரொட்டியைப் பற்றி வருவது கொஞ்சம்தான். பார்த்தவர்களில் எத்தனை பேர் சிறுவயதில் ரொட்டி விற்றிருப்பார்கள்? ஏக்கம் என்னவோ எல்லோருக்கும் வந்தது.

உடனே சமைக்கும் பொருள்களில் அம்மா ஏன் இவ்வளவு அதிகம் வருகிறார் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1950இல் மேசன் ஹெய்ர் என்ற உளவியலாளர் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். இரண்டு மளிகைப் பட்டியல்கள். ஒன்றில் வடிகட்டிப் போடும் காபித் தூள், இன்னொன்றில் இன்ஸ்டன்ட் காபி, மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்றே. இந்தப் பட்டியலை எழுதிய பெண் எப்படிப்பட்டவர் என்று கேட்டபோது, இன்ஸ்டன்ட் காபி எழுதியவரைச் சோம்பேறி, குடும்பம் நடத்தத் தெரியாதவர் என்று நிறையப் பேர் சொன்னார்கள். பிரச்சினை ருசியில் இல்லை, வாங்குபவரின் மனதை உறுத்தும் குற்ற உணர்ச்சியில் இருந்தது. இன்றும் பாக்கெட்டின் மேல் அம்மா சிரிப்பது பெரும்பாலும் சாப்பிடப் போகும் குழந்தைக்காக அல்ல. களைத்துப்போய் வேலையிலிருந்து திரும்பி அதை வாங்குகிற ஆளிடம், "பரவாயில்லை, நீ ஒன்றும் குறை வைக்கவில்லை" என்று சொல்வதற்காக. இதில் எனக்கு முழு வெறுப்பும் கிடையாது. களைத்துப்போனவருக்கு அந்த ஆறுதல் தேவைப்படலாம். விலையில் அதுவும் சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் நல்லது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குக் காப்பாற்றும். 1960களின் கடைசியில் கேம்பெல் சூப் கம்பெனியின் விளம்பரப் படங்களில், காய்த் துண்டுகள் அடியில் மூழ்காமல் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டிருந்தார்கள். ஏமாற்று விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதைப் பிடித்தது, 1970இல் கம்பெனி இனி அப்படிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டது. கோலிக்குண்டு இருக்கிறதா இல்லையா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். ஜன்னலை என்ன செய்வது? அதில் பொய் எதுவும் சொல்லவில்லையே.

அதனால் நானே சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்தது, சத்தத்தை அணைத்துவிட்டு விளம்பரம் பார்ப்பது. உணவு விளம்பரத்தில் பாதி உயிர் காதில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ சாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிப்பவர்களின் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, அவர்கள் கடிக்கும் சத்தத்தையே மாற்றிக் கேட்க வைத்தார்கள். கீச்சென்ற உயர் ஒலிகளைக் கூட்டியதும் அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாக இருப்பதாகச் சொன்னார்கள். சத்தத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், பொரியலும் வறுவலும் சட்டென்று வெறும் படமாகிவிடும். அக்கா மகளோடு இதை ஒரு விளையாட்டாகவே செய்கிறோம். முதலில் ஊமையாக ஓடவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, ஆவி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். "சத்தம் இல்லாம போரடிக்குது" என்று பாதியில் எழுந்து போய்விடுவாள். எனக்கு வேண்டியதும் அதுதான். 2009இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், உணவு விளம்பரங்களோடு கார்ட்டூன் பார்த்த குழந்தைகள், வேறு விளம்பரங்களோடு பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகமாக நொறுக்குத் தீனி தின்றார்கள். கையில் கிடைத்த தீனி விளம்பரத்தில் வந்த தீனிகூட இல்லை. "அதைக் கேட்காதே" என்று குழந்தையை அதட்டுவதைவிட, விளம்பரம் ஓடும்போது பக்கத்தில் தீனிக் கிண்ணம் இல்லாமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

கடையில் பாக்கெட்டை முதலில் திருப்பிவிடுவேன். முன்பக்கம் என் மாதிரி ஆட்கள் எழுதியது. பின்பக்கத்தில் சேர்மானங்கள் எடை வரிசையில் இருக்கும், அதிகம் உள்ளது முதலில். பெரும்பாலான நாடுகளில் இதுதான் விதி. முன்னால் தக்காளிப் படம் பெரிதாக இருந்து, பின்னால் தக்காளிக்கு முன்பே சர்க்கரை வந்துவிட்டால் விஷயம் புரிந்துவிடும். அப்புறம், "பாட்டி", "பாரம்பரியம்", "அன்பு" போன்ற சொற்களை மனதுக்குள் அடித்துவிட்டு மிச்சத்தைப் படிப்பேன். பல வாக்கியங்களில் மிச்சமே இருக்காது.

வீட்டில் செய்து விற்கும் தோழிகள் என்னிடம் வாசகம் கேட்டு வருவதுண்டு. கேக் செய்யும் ஒருத்தி, "அம்மாவின் கைமணம்" என்று எழுதி வைத்திருந்தாள். எல்லோரும் எழுதுவதுதானே, உன் கேக்கில் உனக்கு மட்டும் தெரிந்தது எது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வெந்து முடியும்போது ஓரம் மட்டும் தகரத்தை விட்டு விலகும், அப்போ எடுத்துடுவேன், அதனால அடி காயாது" என்றாள். அதையே போடு என்றேன். சுவையை மட்டும் சொல்லாமல் மணம், தொடும்போது தெரியும் மென்மை, சத்தம் என்று பல புலன்களையும் தொட்டு எழுதினால் தின்பவர்களுக்கே ருசி கூடுதலாகத் தெரிகிறது என்று ரயன் எல்டர், அராத்னா கிருஷ்ணா இருவரும் 2010இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சொல்வது நடந்ததாக இருக்கட்டும். நடந்ததைச் சொன்னால் வாங்குபவர் வந்து கேள்வி கேட்டாலும் பதில் இருக்கும்.

ஜன்னல் விவகாரத்துக்குப் பிறகு, அம்மாவின் வறுவலை ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இதில் கற்றுக்கொண்டது சமையலைவிட விசாரணையைப் பற்றித்தான். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் குரல் பெரிதாக உள்ளவரின் நினைவே எல்லோருடையதாகிவிடும். அதனால் அக்காவையும் தம்பியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னேன். தம்பி பூண்டு இருந்தது என்று எழுதினான். அக்கா, பூண்டே கிடையாது என்று அடிக்கோடிட்டு எழுதினாள். இருவரும் ஒத்துப்போன விஷயங்கள் கொஞ்சம்தான்: வாணலி, அம்மாவின் அதட்டல், காந்தல்.

அம்மாவை முதலில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். பிரயோசனப்படவில்லை. நல்ல உடை மாற்றிக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் ஒருநாளும் சொல்லாத ஒன்றை, "அன்போட செஞ்சா எதுவும் ருசியா இருக்கும்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். துண்டுகளை ஒரே அளவாக வேறு நறுக்கினார். கிளறிக்கொண்டே இருந்தார், வறுவல் கூழாகிவிட்டது. விளம்பரத்து அம்மாக்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் அம்மாவும் அப்படி ஆகிவிட்டாரே என்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் எழுதிய அம்மாக்களும் அதில் இருப்பார்கள்.

இன்னொரு நாள் கேமரா இல்லாமல், போனில் ஒலியை மட்டும் பதிவு செய்துகொண்டு பக்கத்தில் நின்றேன். இது பலித்தது. உப்பு எவ்வளவு என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பார். எனவே உப்பு ஜாடியை முன்னும் பின்னும் தராசில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பாத்திரத்துக்கும் அப்படியே. நேரத்தைக் கேட்டால் தெரியாது, ஆனால் வேறொரு அறையிலிருந்து சரியாக எழுந்து வருகிறார். எப்படி என்று கேட்டதற்கு, "சத்தம் அடங்கிடுச்சுல்ல" என்றார். கிழங்கில் உள்ள ஈரம் ஆவியாகும்போதுதான் எண்ணெய் சடசடக்கும். ஈரம் குறையக் குறைய சத்தமும் தணியும், முறுகல் பிடிக்கத் தொடங்குவது அங்கேதான். பதிவைத் திரும்பக் கேட்டால் அந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. குறிப்பில் நிமிடக் கணக்குக்குப் பதில் "சத்தம் அடங்கியதும்" என்று எழுதி, பக்கத்தில் அந்த ஒலிப்பதிவையும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

அடுப்பு முன்னால் நிற்கும்போது அம்மாவுக்குத் தானாக நினைவு வருகிறது. உட்கார வைத்துக் கேட்டால் வராது. அப்படிக் கிளறாமல் நின்ற நேரத்தில்தான் பூண்டு வழக்கும் தீர்ந்தது. அக்கா படிப்புக்காக வெளியூர் போன பிறகுதான் பூண்டு போட ஆரம்பித்தாராம், அவளுக்கு அந்த வாசனை பிடிக்காது என்பதால் அதுவரை போடவில்லையாம். இருவர் எழுதியதும் சரி. குறிப்பில் பூண்டில்லாமல்தான் எழுதியிருக்கிறேன். தம்பி இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டில் அவன் போட்டுக்கொள்ளட்டும்.